காரைக்குடியை விட்டுப் போகாமல் டிசைன், வெப், கல்லூரி வகுப்பு மூன்றையும் செய்வது எப்படி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.சி.ஏ.வோ விஸ்காமோ (விஷுவல் கம்யூனிகேஷன்) முடிக்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஐ.டி. வேலையில் சேர்வதா, இல்லை இங்கேயே ஏதாவது காலேஜில் லெக்சரராகச் சேர்ந்துவிடுவதா. இரண்டுமே நல்ல வழிதான். ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைப் பற்றி யாரும் உட்கார்ந்து விவரமாகச் சொல்வதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்: நீங்களே டிசைன் பண்ணி, அதை நீங்களே வெப்சைட்டாகக் கட்டி, அந்த அனுபவத்தையே கல்லூரியில் பாடமாக நடத்தி, இந்த ஊரிலேயே பிழைப்பது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மூன்று தனித்தனி வேலையாக நினைத்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது. பகலில் வகுப்பு, சாயங்காலம் டிசைன், ராத்திரி கோடு (கணினி நிரல்) என்று ஓடி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே வேலை மூன்று இடத்தில் பயன்பட வேண்டும். ஆத்தங்குடியில் டைல்ஸ் செய்கிற ஒருவருக்கு சைட் கட்டுகிறீர்கள் என்றால் அந்த டைல்ஸ் டிசைன்தான் அந்த மாதம் உங்கள் வகுப்பின் பயிற்சி. வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வியால் நீங்கள் மறுபடி படித்துத் தெளிந்த விஷயம்தான் அடுத்த வாடிக்கையாளருக்குப் போகிற கோடு. கீழே சொல்லப்போகிற எல்லாமே இதை எப்படி நடத்துவது என்பதுதான்.

அழகப்பச் செட்டியார் 1947ல் கலைக்கல்லூரி தொடங்கி, 1952ல் பொறியியல் கல்லூரியும் வந்து, 1985ல் அழகப்பா பல்கலைக்கழகமே அமைந்துவிட்ட ஊர் இது. சுற்றிலும் சுயநிதிக் கல்லூரிகளும் நிறைய. கற்றுக்கொடுக்க இடம் இருக்கிறது. சைட் தேவைப்படுகிற தொழில்களும் இருக்கின்றன, அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தகுதிச் சான்றிதழை முதலில் முடியுங்கள்

கல்லூரி வேலைக்குத் திறமை மட்டும் போதாது, காகிதமும் வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50. கூடவே நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. 2023ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை. பொறியியல் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு) விதி, அங்கே பி.இ.யும் எம்.இ.யும் வேண்டும், இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு இருக்க வேண்டும்.

நெட் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், ஒரே அமர்வில் 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். ஆராய்ச்சி செய்பவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு, உதவிப் பேராசிரியர் தகுதிக்குக் கிடையாது. நாற்பது வயதில் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர்களும் எழுதலாம்.

இங்கே பலர் தடுமாறுகிற இடம் பாடத் தேர்வு. வெப் டிசைன் என்று நெட்டில் தனிப் பாடம் கிடையாது. எம்.சி.ஏ., எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர் படித்தவர்கள் கணினி அறிவியலை எழுத வேண்டும், விஸ்காம் வழியாக வந்தவர்கள் இதழியலை எழுத வேண்டும், ஃபைன் ஆர்ட்ஸ்காரர்களுக்கு விஷுவல் ஆர்ட் இருக்கிறது. ஆகவே எந்த முதுகலை படிக்கிறீர்கள் என்பதே பிறகு எந்தத் துறையில் உட்காரப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. என் கருத்து: கோடிங்கில் பயம் இல்லையென்றால் எம்.சி.ஏ. பக்கம் போங்கள். கம்ப்யூட்டர் துறை இல்லாத கல்லூரி இந்தப் பக்கம் அபூர்வம், விஸ்காம் எல்லா இடத்திலும் இல்லை. டிசைனில்தான் உயிர் என்றால் ஐ.ஐ.டி. மும்பை நடத்துகிற சீட் (சி.இ.இ.டி.) நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். (டிசைன் முதுகலை) முயற்சி செய்யுங்கள், அதற்காக இரண்டு வருடம் வெளியூரில் இருக்க வேண்டியிருந்தாலும் தப்பில்லை.

சிங்கப்பூரிலோ சென்னையிலோ பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. 2022ல் யு.ஜி.சி. கொண்டுவந்த 'புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' ஏற்பாட்டில் தொழிலில் 15 வருட அனுபவம் இருந்தால் நெட்டோ பிஎச்.டி.யோ இல்லாமலே கல்லூரி உங்களை எடுத்துக்கொள்ளலாம். நிரந்தர வேலை கிடையாது, அதிகபட்சம் மூன்று வருடம், தவிர்க்க முடியாத தேவை இருந்தால் இன்னும் ஒரு வருடம். உங்களுக்குத் தெரிந்த கல்லூரிக்கு இந்த விதியே தெரியாமல் இருக்கலாம், போகும்போது வழிகாட்டுதலின் பிரதியை எடுத்துக்கொண்டு போங்கள்.

கைத்தொழில்: தமிழில் ஆழமாக இறங்குங்கள்

எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட், அப்புறம் கிட் (கோடில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கிற கருவி), அப்புறம் வேர்ட்பிரஸ். இந்த வரிசையில் போங்கள். பக்கங்களை வரைந்து பார்க்கிற ஃபிக்மாவை சி.எஸ்.எஸ். கொஞ்சம் கைக்கு வந்த பிறகு தொட்டால் கட்ட முடியாத படங்களை வரைய மாட்டீர்கள். மோசில்லாவின் எம்.டி.என். பக்கங்கள் இலவசம், அதைவிட நல்ல பாடநூல் எனக்குத் தெரியாது. ஐ.ஐ.டி. மும்பையின் ஸ்போக்கன் டுட்டோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் இருக்கின்றன. இதெல்லாம் எங்கே இருந்தாலும் படித்துக்கொள்ளலாம், இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் பெங்களூரில் இருக்கிற ஆயிரம் டெவலப்பர்களிடம் இல்லாத ஒன்றை நீங்கள் இங்கே வளர்த்துக்கொள்ளலாம். தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக நிறுத்தத் தெரிந்த ஆள் என்ற பெயர். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆங்கில சைட்டில் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு எடுப்பாகக் காட்டுவார்கள், அது இங்கே நடக்காது. சாய்ந்த எழுத்தும் தமிழுக்கு இயல்பில்லை, பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டுவது பார்க்கவே சங்கடமாக இருக்கும். அப்படியானால் தலைப்பு, உபதலைப்பு, உள்ளடக்கம் இதையெல்லாம் வேறுபடுத்த உங்களிடம் மிஞ்சுவது அளவு, தடிமன், நிறம், இடைவெளி இவ்வளவுதான். அதனால் பல தடிமன்களில் கிடைக்கிற ஃபாண்டாகப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாமே கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாக, திறந்த உரிமத்தில் இருக்கின்றன. தடித்த வடிவம் இல்லாத ஃபாண்டைப் போட்டுவிட்டு தடித்துக் காட்டச் சொன்னால் பிரவுசர் சும்மா மை பூசி விடும், ணகரத்தின் சுழி எல்லாம் அடைத்துக்கொள்ளும்.

வரி இடைவெளி அடுத்தது. மேலே கீ, ளீ மாதிரி விசிறியும் கீழே கூ, ழூ மாதிரி வாலும் இருப்பதால் ஆங்கிலத்துக்குச் சரியாக இருக்கிற இடைவெளி தமிழுக்கு நெருக்கும். எழுத்தின் அளவைப் போல 1.6, 1.7 மடங்கு என்று வைத்துப் பாருங்கள். பட்டன்களில் மேல்பகுதி வெட்டுப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். நம் சொற்கள் நீளம். 'கான்டாக்ட்' என்று போட்ட இடத்தில் 'தொடர்புகொள்ள' என்று போட்டதும் 360 பிக்சல் அகல போனில் மெனு உடைந்து இரண்டாவது வரிக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் டிசைன் பண்ணிவிட்டு கடைசியில் தமிழைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும், ஆகவே முதல் வரைபடத்திலேயே உண்மையான தமிழ் வாசகங்களை எழுதுங்கள்.

கோடு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'கொட்டான்' என்ற சொல்லில் நமக்கு நாலு எழுத்து, ஜாவாஸ்கிரிப்டின் லெங்த்தைக் கேட்டால் 8 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறியீடுகள். பெயர் எழுதும் கட்டத்துக்கு 20 எழுத்து வரம்பு வைத்தால் பாதிப் பெயர்தான் உள்ளே போகும். எழுத்தாக எண்ண வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிற இன்டல் செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். அதே சொல்லில் 'கொ'வில் இருக்கிற ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது. தேடுவதற்கு முன் நார்மலைஸ் பண்ணுங்கள், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள். இதை வகுப்பில் காட்டும்போது பிள்ளைகள் முகத்தில் வருகிற வியப்பே தனி, அதுவரை யூனிகோடு என்பது அவர்களுக்குப் பரீட்சைக்கான இரண்டு மார்க் கேள்வியாக மட்டும்தான் இருந்திருக்கும்.

அப்புறம் பழைய ஃபாண்ட் பிரச்சினை. அச்சகங்களும் டி.டி.பி. கடைகளும் கொடுக்கிற ஃபைல்களில் இன்னும் பாமினி மாதிரி ஃபாண்டுகள்தான் நிறைய. அந்த ஃபாண்ட் இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றியதை ஒரு முறை வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டும், அந்தத் திருத்துகிற நேரத்துக்கும் சேர்த்துப் பணம் கேளுங்கள். போட்டோஷாப்பில் தமிழ் எழுதினால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது என்பார்கள், வேர்ல்ட் ரெடி லேஅவுட்டை இயக்கினால் சரியாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு பழகிக்கொள்ளுங்கள், 1999ல் சென்னை மாநாட்டில் வந்த அமைப்பு, இன்றும் வேகத்துக்கு அதை மிஞ்ச ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்.டி.எம்.எல். முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள், பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் அதை வைத்துத்தான் தமிழ்க் குரலுக்கு மாறும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். சாம்பல் மேல் வெளிர்சாம்பல் எழுத்து பார்க்க நாகரிகமாக இருக்கலாம், வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்குத் தெரியாது.

இந்த ஊரில் யாருக்கு சைட் கட்டுவது

செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக மாற்றியவர்கள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கம் இருக்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுப்புகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருப்பதால் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வருகிறார்கள். இவர்களுக்குத் தேவை ஆடம்பர அனிமேஷன் கிடையாது. முகப்பில் நுழைந்து வளவு, ரெண்டாங்கட்டு என்று ஒருவர் நடந்து போகிற வரிசையில் படங்களை அடுக்கினாலே வீட்டின் நீளம் பார்ப்பவருக்குப் புரியும். அதிகப் படம் என்பதால் வெப்பி (WebP) வடிவத்தில் சுருக்குங்கள், திரைக்கு வெளியே இருக்கிற படங்கள் பிறகு இறங்கும்படி வையுங்கள். திருச்சி, மதுரை விமான நிலையங்களிலிருந்து எப்படி வருவது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற பொருள், சூளையில் சுடுவது கிடையாது. கைவேலை என்பதால் ஒரு தடவை வருகிற நிறம் அடுத்த தடவை கொஞ்சம் மாறும். இதைப் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு வாடிக்கையாளரோடு வாக்குவாதம் வராது. ஒரு டைல் படத்தைத் தேர்ந்தால் அது தரை முழுக்க எப்படித் தெரியும் என்று காட்டுகிற சின்னக் கருவி செய்து கொடுங்கள். சி.எஸ்.எஸ்.ஸில் பின்னணிப் படத்தைத் திரும்பத் திரும்ப வைக்கிற ஒரே விதிதான், ஆனால் வாங்க வருபவருக்கு அதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை, இரண்டாம் ஆண்டு மாணவருக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

2019ல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலைக்குப் பிரச்சினை வேறு. அரக்கும் கடுகு மஞ்சளும் குழல் விளக்கில் எடுத்த படத்தில் வேறு நிறமாகத் தெரியும், சேலை போய்ச் சேர்ந்ததும் திருப்பி அனுப்புவார்கள். காலை வெளிச்சத்தில், திண்ணையில் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தோடு ஒரு படம் எடுத்து அதை வைத்து நிறத்தைச் சரிசெய்யுங்கள். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை செய்து அனுப்புகிற ஆச்சிமார்களுக்குப் பெரிய கடை சாஃப்ட்வேர் எதற்கு? எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) எண், அழுத்தினால் வாட்ஸ்அப் திறக்கிற ஒரு பட்டன். ஒரே பக்கம் போதும். 'தம்பி, எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுப்பா' என்று சொல்பவர்களே பிறகு பத்து பேரிடம் உங்களைச் சொல்வார்கள்.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான், விற்றதும் சைட்டிலிருந்து இறங்க வேண்டும், அதைக் கடைக்காரரே போனில் செய்கிற மாதிரி இருக்க வேண்டும். அதோடு, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'உலகம் முழுக்க அனுப்புவோம்னு போடுங்க' என்று சொன்னால் அதைப் போடுவதற்கு முன் பேசுங்கள்.

பணம்

எழுத்தில் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், படம் யார் எடுப்பது, எழுத்து யார் கொடுப்பது, வருடப் பராமரிப்பு எவ்வளவு. ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பணம் முன்னாலேயே. சொந்தக்காரர் என்றாலும் இதே தாள்தான், சொந்தக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக.

டொமைன் பெயரை வாடிக்கையாளர் பெயரிலேயே, அவருடைய ஈமெயிலிலேயே பதிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் ஒரு ஹோட்டல்காரருக்கு சைட் கட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரில் டொமைனைப் பதிந்துவைத்து, அவர் வேறு ஆளிடம் போக நினைத்தபோது கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். விசிட்டிங் கார்டு, வாசல் பலகை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று அவருக்கு. அது அநியாயம். கடவுச்சொற்களை எல்லாம் ஒரு உறையில் போட்டு முதல் நாளே கொடுத்துவிடுகிற ஆளைத்தான் ஊர் நம்பும்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற இடைத்தரகர்களை நம்பாதீர்கள். அந்தப் பதிவு இருந்தால் வாங்கிய நிறுவனம் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். நிறுவனங்கள் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுத்தால் அது உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள். வருடக் கடைசியில் ஐந்தொகை (ஆண்டுக் கணக்கு) எடுக்கிற பழக்கம் இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உண்டு. கல்லூரிச் சம்பளம், சைட் வேலை, பராமரிப்பு என்று தனித்தனியாக எழுதி எந்த வரவு எவ்வளவு நேரத்தைத் தின்றது என்றும் பக்கத்தில் குறியுங்கள். பராமரிப்புப் பணம் சின்னதாகத் தெரியும், ஆனால் கல்லூரி விடுமுறை மாதத்தில் அதுதான் சோறு போடும்.

வகுப்பு

பாடத்திட்டம் உங்கள் கையில் இல்லை. சில இடங்களில் ஃபிரேம், மார்க்கீ எல்லாம் இன்னும் லேப் பயிற்சியில் இருக்கும். அதைப் பரீட்சைக்கு நடத்திவிட்டு, அதே பயிற்சியை இன்றைய முறையில் எப்படிச் செய்வது என்று அடுத்த பத்து நிமிடத்தில் காட்டுங்கள். இரண்டும் செய்யலாம், நேரம் இருக்கிறது.

பொன்னமராவதி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் லேப்டாப் இருக்காது, போன்தான் இருக்கும். லேப் நேரம் மட்டும்தான் அவர்களுக்குக் கணினி நேரம். அதனால் லேப்பில் லெக்சர் எடுக்காதீர்கள், சொல்வதையெல்லாம் வகுப்பறையில் சொல்லிவிட்டு லேப்பில் கையை ஓட விடுங்கள். இன்டர்நெட் நின்றாலும் பயிற்சி நிற்கக் கூடாது, ஃபாண்ட், படம் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு எல்லாக் கணினியிலும் முன்கூட்டியே ஏற்றிவையுங்கள்.

தமிழில் விளக்குங்கள். பரீட்சை ஆங்கிலத்தில் என்பதால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், ஆனால் ஏன் எப்படி என்பது தமிழில் இருக்கட்டும். புரியாமல் தலையாட்டுகிற பிள்ளை ஆங்கிலத்தில் கேள்வி கேட்கவே கேட்காது. தமிழில் என்றால், 'மேடம், இந்த டிவ் ஏன் கீழ போகுது?' என்று கேட்கும், அந்தக் கேள்வியில்தான் உண்மையான வகுப்பு ஆரம்பமாகிறது.

இப்போது ஏ.ஐ. கருவிகளிடம் கேட்டு முழுப் பக்கத்தையும் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். தடுத்துப் பயனில்லை. மதிப்பெண்ணை இடம் மாற்றுங்கள். பக்கத்துக்குக் கொஞ்சம் மார்க், என் முன்னால் உட்கார்ந்து ஒன்றை மாற்றிக் காட்டுவதற்கு நிறைய மார்க். 'இந்த மூன்று பெட்டியும் போனில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரணும், இப்பவே செய்' என்றால் யார் எழுதியது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிட்டில் ஒவ்வொரு நாளும் சேமிக்கச் சொன்னால் வேலை எப்படி வளர்ந்தது என்பதும் தெரியும், அது வேலைக்குப் போகும் இடத்திலும் உதவும். 2022 முதல் நடக்கிற தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் திறன் படிப்புகள் வருகின்றன, அதில் வெப் சம்பந்தப்பட்டது வந்தால் உங்கள் வகுப்போடு இணைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் பணம் வாங்குகிற வேலையை மாணவர்களிடம் அசைன்மென்ட் என்று கொடுத்துச் செய்ய வைக்காதீர்கள். மார்க் உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் மறுக்க முடியாது. வாடிக்கையாளர் வேலையில் மாணவரைச் சேர்த்தால் சம்பளம் கொடுங்கள், சைட்டின் அடியில் பெயர் போடுங்கள், வகுப்பு மதிப்பெண்ணோடு அதைச் சம்பந்தப்படுத்தாதீர்கள். வகுப்புப் பயிற்சிக்குக் கற்பனைக் கடை வேண்டாம் என்றால் ஊர் நூலகம், அவர்கள் படித்த அரசுப் பள்ளி, பிள்ளையார்பட்டியிலிருந்து தொடங்கி ஒன்பது நகரக் கோயில்களுக்கும் பஸ் வழி சொல்லும் பக்கம் இப்படி யாரும் லாபம் பார்க்காத வேலைகளைக் கொடுங்கள். வாடிக்கையாளரின் சைட்டை வகுப்பில் பிரித்துக் காட்டுவதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குள் போன பிறகு

நியமன உத்தரவை முழுக்கப் படியுங்கள். வெளிவேலை பார்க்க அனுமதி உண்டா என்று எழுதியிருக்கும். அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் முன் அனுமதி இல்லாமல் வெளியே சம்பாதிப்பது சிக்கலில் முடியும். சுயநிதிக் கல்லூரியில் சேரும்போதே நிர்வாகத்திடம் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வருடம் கெஸ்ட் லெக்சரராகவோ பகுதி நேரமாகவோ வாரத்தில் இரண்டு மூன்று நாள் போவது நல்லது என்று நினைக்கிறேன், சம்பளம் குறைவுதான், ஆனால் வகுப்பு உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்க்கவும் தொழிலை நிலைநிறுத்தவும் நேரம் கிடைக்கும்.

உங்களுக்கு வெப் தெரியும் என்று தெரிந்த மறுநாளே, 'சார், நம்ம காலேஜ் வெப்சைட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க' என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்' மிகப் பெரியது. கல்லூரித் தரத்தை மதிப்பிடுகிற நாக் ஆய்வுக்கான அறிக்கைகள், ஒவ்வொரு வருட ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தரக் குழு) ஆவணங்கள், ஏ.ஐ.சி.டி.இ. கேட்கிற விவரங்கள், துறைவாரியாகப் படங்கள் எல்லாம் ஏற்ற வேண்டும், அதுவும் ஆய்வுக் குழு வருவதற்கு முந்தின வாரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பென்டிரைவைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். மறுக்க வேண்டாம், அது உங்களுக்கும் நல்ல அனுபவம். ஆனால் முதல்வரிடமிருந்து எழுத்தில் பொறுப்பு உத்தரவு வாங்குங்கள், வாரத்துக்கு நான்கு பாடவேளையாவது குறைக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு துறையிலும் தங்கள் பக்கத்தைத் தாங்களே ஏற்ற ஒருவரைப் பழக்குங்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.களை வாங்காதீர்கள், தேடவும் முடியாது, ஸ்கிரீன் ரீடரால் படிக்கவும் முடியாது.

காலண்டரைப் பார்த்து வேலையை ஒப்புக்கொள்ளுங்கள். நவம்பரும் ஏப்ரலும் தேர்வு, விடைத்தாள் திருத்தம், அப்போது புதிய சைட் எடுக்காதீர்கள். மே மாதம் பெரிய வேலைகளுக்கு. ஆடியில் கல்யாணம் இல்லை, கடைகளில் கூட்டம் குறைவு, கடைக்காரர்கள் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான், புதிய வாடிக்கையாளர்களைப் போய்ப் பாருங்கள். குளிர்காலச் சுற்றுலாப் பருவத்துக்குள் ஹோட்டல் சைட் தயாராக வேண்டும் என்றால் செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும். பலகாரக் கடைக்கு தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால். இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் ஆள் எடுக்கும். மார்ச்சுக்குள் உங்கள் போர்ட்ஃபோலியோ சைட் தயாராக இருக்கட்டும். முடித்த சைட்டுகள் மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் கீழே என்ன பிரச்சினை இருந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அதோடு ஒரு பாடத்திட்டமும் சேருங்கள், பதினைந்து வாரத்துக்கு வெப் டிசைன் லேப் எப்படி நடத்துவீர்கள் என்று. விண்ணப்பத்தோடு பாடத்திட்டம் கொண்டுவருகிற ஆள் மிகக் குறைவு, துறைத் தலைவர் அதைத்தான் முதலில் புரட்டுவார். டெமோ வகுப்புக்குக் கூப்பிட்டால் பி.பி.டி. வேண்டாம். காலியான ஒரு ஃபைலைத் திறந்து, அவர்கள் கல்லூரியின் பெயரைத் தமிழில் எழுதி, அதை ஒரு பெயர்ப்பலகையாக அவர்கள் கண் முன்னாலேயே கட்டிக் காட்டுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடியும்படி வீட்டில் பழகிக்கொண்டு போங்கள், ஃபாண்ட் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.